விதை ஒரு வேலையைத்தான் செய்யும்

கேள்வி: ‘ஆப்பிரிக்காவில் மரபணு மாற்றுப் பயிரால்தான் சிறு விவசாயிகள் பிழைத்தார்கள்’ என்கிறார் ஒருவர். ‘அங்கேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள்’ என்கிறார் இன்னொருவர். எது உண்மை? நீடித்த வேளாண்மைக்கு அது உதவுமா?
- ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: இரண்டிலும் உண்மை இருக்கிறது. நாடும் பயிரும்தான் வேறு வேறு.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில் பருத்திதான் முக்கியமான பணப்பயிர். காய்ப்புழுவுக்காகப் பருவத்துக்கு ஆறு முறை மருந்தடித்தவர்கள், 2008-ல் பி.டி. பருத்தி வந்தபின் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டார்கள். மகசூலும் கூடியது. சில வருடங்களிலேயே பாதிக்கு மேற்பட்ட பருத்திப் பரப்பு அதற்கு மாறிவிட்டது. ஆனால், பஞ்சின் இழை நீளம் குறைந்துபோனது. நல்ல இழைக்குப் பேர் வாங்கிய அந்த நாட்டுப் பஞ்சுக்கு விலை இறங்கியது. பஞ்சு வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு நஷ்டம். 2016-ல் முழுக்கப் பழைய ரகங்களுக்கே திரும்பினார்கள். விசைத்தெளிப்பான் மறுபடியும் விவசாயியின் முதுகில் ஏறியது.

தென் ஆப்பிரிக்காவில் கதை வேறு. அங்கு 1998 முதல் பி.டி. மக்காச்சோளம் பயிராகிறது. தண்டுத் துளைப்பானுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால், அந்தப் பயிரைத் தின்றும் சாகாத புழுக்கள் இருப்பது 2007-ல் பதிவானது. பி.டி. வயலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாதா ரகமும் விதைக்க வேண்டும். இதைப் புகலிடப் பயிர் என்போம். பி.டி.யில் தப்பிய ஒன்றிரண்டு அந்துப்பூச்சிகள், சாதா பயிரில் வளர்ந்தவற்றோடு கூடினால், அடுத்த தலைமுறைப் புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி எளிதில் பரவாது. பல வயல்களில் இதைச் சரியாகச் செய்யவில்லை.

நம் ஊரிலும் இதே தவறு நடந்தது. 450 கிராம் பி.டி. பருத்தி விதையோடு, 120 கிராம் சாதா விதைப் பொட்டலமும் கொடுத்தார்கள். அதைப் பிரிக்காமலேயே வரப்பில் வீசிய பலரைப் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்று ஒவ்வொருவரிடமும் அழுத்திச் சொல்லாதது என் தவறும்தான். பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்பி வந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

நைஜீரியாவில் தட்டைப்பயறு ஏழைகளின் புரதம். அரைத்து, வடைபோல எண்ணெயில் பொரித்தும் சாப்பிடுவார்கள். புள்ளிக் காய்ப்புழு தாக்கினால் 80 சதவிகிதம் வரைகூட மகசூல் போய்விடும். அதைத் தாங்கும் பி.டி. தட்டைப்பயறை ஜாரியாவில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 2019-ல் அனுமதி கிடைத்தது. இது வீரிய ஒட்டுரகம் இல்லை. தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், விவசாயி தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். மரபணுவுக்கு உரிமைத் தொகையும் கிடையாது. ஆனால் அசுவினி, இலைப்பேன், காய் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி எதையும் இந்த மரபணு தடுக்காது. அவற்றுக்கு விவசாயி தனியாகத்தான் வழி பார்க்க வேண்டும்.

ஆக, உதவுமா என்றால், ஒரு புழுவுக்கு உதவும். அது மண்ணை வளமாக்காது, மழையைக் கொண்டுவராது, விலையும் பேசாது. பயிர் சுழற்சி, தொழுவுரம், புகலிடப் பயிர் எல்லாம் கூடவே இருந்தால்தான் அந்த உதவியும் நீடிக்கும்.

அதனால் எந்தப் புது விதை வந்தாலும் கடைக்காரரிடம் கேளுங்கள்: இது எந்தப் பூச்சியைத் தடுக்கும், எதைத் தடுக்காது? அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாமா? விளைந்ததை வாங்கும் வியாபாரியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த ரகத்துக்கு அதே விலை கொடுப்பீர்களா? புர்கினா ஃபாசோவில் கடைசியாகத் தெரியவந்த பதில் அதுதான். நீங்கள் அதை விதைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.