இலவசமாகக் கிடைப்பதற்குப் பயந்து, களவுக்குக் காசு கொடுக்கிறோம்



கெம்பஸில் இறுதி வருடம் படிக்கும் எனது பழைய மாணவி ஒருவர் போன வாரம் தன் வாப்பாவோடு வீட்டுக்கு வந்தார். கையில் லெப்டொப். ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் வினாக்கொத்து நிரப்பி எடுத்திருக்கிறார். அந்தத் தரவுகளை 'ஆர்' என்ற மென்பொருளில் பகுப்பாய்வு செய்யும்படி விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார்.

"சேர், ரெண்டு நாளா பெக்கேஜ் ஒண்டும் ஏறுதில்ல. சிவப்பு எழுத்தாவே வருது. வாப்பா போட்டுத் தந்த டேட்டாவும் முடிஞ்சிட்டு. டவுன்ல ஒரு கடையில எஸ்பிஎஸ்எஸ் போட்டுத் தாறாங்களாம். அதப் போடட்டா?"

வாப்பா சொன்னார்: "புள்ளட படிப்புத்தானே சேர், காசு போனாப் பரவாயில்ல."

அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

கடையில் போட்டுத் தருவது உரிமம் வாங்கிய எஸ்பிஎஸ்எஸ் அல்ல, பூட்டு உடைத்த கொப்பி. அதைப் போடுவதற்கு அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதாவது வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, முன்பின் தெரியாதவனை வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். நான்கு வருடப் படிப்பு முழுவதும் அந்த லெப்டொப்பில்தான் இருக்கிறது. பக்கத்து வளவு மாங்காயைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாமே இதற்குக் காசும் எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆனால் 'ஆர்' இலவசம். களவு இலவசம் அல்ல, ஹலாலான இலவசம். நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு விரிவுரையாளர்கள் உருவாக்கியது. 1995 இல் யாரும் பாவிக்கலாம், கொப்பி எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தின் கீழ் அதைத் திறந்து விட்டார்கள். இன்று அதற்கு 'க்ரான்' என்ற பொதுக் களஞ்சியத்தில் 20,000க்கு மேற்பட்ட பெக்கேஜ்கள் இருக்கின்றன. எல்லாமே இலவசம்.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள்? பாடம் கஷ்டம் என்பதால் அல்ல. கணினியைத் தயார்படுத்தும் முதல் ஒரு மணித்தியாலத்தில் பக்கத்தில் யாரும் இல்லாததால்.

அந்த மகளுடைய லெப்டொப்பில் இருந்த பிழைகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

முதலாவது, 'ஆர் ஸ்டூடியோ'வை மட்டும் போட்டிருந்தார். அது வேலை செய்யும் மேசை மாத்திரம்தான். முதலில் 'ஆர்' போட வேண்டும், பிறகுதான் ஆர் ஸ்டூடியோ. அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு நாள் போயிருக்கிறது.

இரண்டாவது, ஒரு பெக்கேஜ் தனியாக இயங்குவதில்லை. வட்டிலப்பம் செய்ய முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுப்பை மூட்டிப் பயனில்லை. அதுபோல ஒரு பெக்கேஜுக்கு வேறு சில பெக்கேஜ்கள் தேவை, அவற்றுக்கு இன்னும் சில. இணையம் இருந்தால் ஆர் இவற்றைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். இடையில் டேட்டா முடிந்தால் பாதியில் நிற்கும். அப்படி நின்றபோது '00லொக்' என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டர் மிஞ்சிக் கிடந்தது. அது இருக்கும் வரை மறுபடி ஏற்ற விடாது. ஆரை மூடிவிட்டு அதை அழித்தோம், வழி திறந்தது.

மூன்றாவது, சில பெக்கேஜ்களை ஏற்றும்போது 'மூலநிரலிலிருந்து ஏற்றவா?' என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். நம் பிள்ளைகள் எதற்கும் 'யெஸ்' கொடுத்துவிடுவார்கள். விண்டோஸில் அதற்கு 'ஆர்டூல்ஸ்' என்ற தனிக் கருவித் தொகுதி வேண்டும். அதை இறக்கவே சில நூறு எம்.பி. போகும். அநேகமான மாணவர்களுக்கு 'நோ' என்பதே போதும். தயார் நிலையில் உள்ள பதிப்பு வந்துவிடும்.

சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். கடைசி வரி 'ஏறவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். காரணம் அதற்கு மேலே இருக்கும். கொஞ்சம் மேலே போய் 'எரர்' என்ற முதல் வரியை வாசித்தால், எந்தப் பெக்கேஜ் இல்லை என்று பெயரோடு எழுதியிருக்கும்.

பழைய 32 பிட் கணினி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 4.2 பதிப்பிலிருந்து ஆர் விண்டோஸ் 32 பிட்டில் இயங்காது. 4.1.3 தான் அதற்குக் கடைசி.

"எங்கட சேர்மாருக்கு மெனு உள்ள மென்பொருள்தான் பழக்கம், ஆரில் கட்டளை எழுத வேண்டுமே" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சு. ஜமோவி, ஜாஸ்ப் என்று இரண்டு இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. மெனுவில் அழுத்தினால் போதும், உள்ளே கணக்குப் போடுவது ஆர்தான். எஸ்பிஎஸ்எஸ்தான் வேண்டும் என்று மேற்பார்வையாளர் கட்டாயப்படுத்தினால், உரிமம் உள்ள கெம்பஸ் ஆய்வுகூடத்தில் இருந்து செய்யுங்கள்.

இனி ஊருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் நூலகத்திலோ பாடசாலைக் கணினி அறையிலோ ஒரு கணினியை இதற்கென்று தயார்படுத்துவோம். ஒரு பென் டிரைவில் ஆர், ஆர் ஸ்டூடியோ, பிள்ளைகள் அதிகம் பாவிக்கும் பெக்கேஜ்கள் எல்லாவற்றையும் அவற்றுக்குத் தேவையானவற்றோடு சேர்த்து வைப்போம். உத்தியோகபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். ஒரு நிபந்தனை: 4.4 பதிப்புக்கு எடுத்த பெக்கேஜ்கள் 4.4 உள்ள விண்டோஸ் கணினிக்குத்தான். 4.3 இல் போட்டால் மறுபடியும் சிவப்பு எழுத்து. ஆகவே பென் டிரைவின் மேல் பதிப்பு இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. தேவைப்படுவது பொறுப்பெடுக்க ஒருவர். கெம்பஸ் முடித்து வந்த தம்பி, தங்கச்சிமாரே, நீங்கள் கஷ்டப்பட்டுக் கற்றதை வாரத்தில் ஒரு அஸருக்குப் பிறகு வந்து சொல்லிக் கொடுங்கள். பயனளிக்கும் கல்வி ஸதகதுல் ஜாரியா என்று நாமே மேடையில் பேசுகிறோம். அது மத்ரஸாவோடு மட்டும் நின்றுவிடக் கூடாது.

அன்று மஃரிபுக்கு முன்னமே அந்த மகளின் திரையில் முதல் வரைபடம் வந்தது. "வாப்பா, இங்க பாருங்க" என்றார். வாப்பாவுக்கு வரைபடம் விளங்கவில்லை. மகளின் முகம் விளங்கியது. கடைக்குக் கொடுக்க எடுத்து வந்த காசைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கணினி ஒன்றைத் தரக்கூடியவர்களும் நேரம் தரக்கூடியவர்களும் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த தவணை விடுமுறைக்குள் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.