ஆலய ஏடும் அம்மம்மாவின் குடியும்

இங்கிலாந்தில் 1538இல் அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணைப்படி ஒவ்வொரு ஆலயப் பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதத் தொடங்கியது. பட்டமோ பண்ணையோ இல்லாத உழவரின் வழித்தோன்றல்களும் இன்று தங்கள் வேரைத் தேடிப் பிடிப்பது அதனால்தான். மட்டக்களப்பிலும் அந்த வழி உண்டு. ஆலயப் பதிவேடு ஒன்றைத் திறந்தால் பிள்ளையின் பெயர், தாய் தந்தையர், ஞானப் பெற்றோர், குருவின் கையொப்பம் என ஒரு குடும்பமே ஒரு வரியில் நிற்கும். இலங்கையில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு முறையாகத் தொடங்கியது 1867இல்தான். அதற்கு முந்திய பறங்கியருக்கும் தமிழ்க் கிறிஸ்தவருக்கும் ஆலய ஏடே பெரும் சான்று.

ஆனால் ஏடு மட்டும் போதாது. மட்டக்களப்பில் குடி என்னும் எங்கள் குலப்பிரிவு தாய்வழியில் வருவது. அதை அறிந்தவர்கள் வீட்டில் அம்மம்மாமாரும் கோயிலில் அதன் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரும்தான். ஏடும் நினைவும் அழியக்கூடியவை; 1978 சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. வாவிக்கரை ஈரமும் கறையானும் எப்போதும் உண்டு. ஆகவே பங்குச் சபைகள் பழைய ஏடுகளைத் தாமதமின்றிப் படம்பிடித்து வைக்க வேண்டும். நீங்களும் இந்த வாரமே அம்மம்மாவிடம் குடியையும் அவர் தாயின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள்.