பூநாரைக்கு முன்னால் எனது கடைப் பேக்

வியாபாரத்திற்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2025 ஜனவரி வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனது மருமகன் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுபவர். கொழும்பிலிருந்து வந்த நால்வருக்கு மன்னாரில் பறவைகள் காட்டப் போனவர், ஓர் இடம் காலியாக இருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார். விடியற்காலை 5.30 க்குப் புறப்பட்டோம். நாங்கள் போன வழியில் ஒரு பிளேன்டீக்குக்கூட கடை திறந்திருக்கவில்லை.

தள்ளாடிப் பக்கம் வேனை நிறுத்தினார். நாற்பது வருடமாக இந்த வீதியால் சரக்கு ஏற்றிப் போய் வந்தவன் நான். அந்தத் தண்ணீரை இறங்கி நின்று பார்த்தது அன்றுதான். வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர். 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வடக்கே பனி உறையும் தேசங்களிலிருந்து ஊசிவால் வாத்துகள் இங்கு வந்து இறங்குகின்றன. தொலைநோக்கியைக் கையில் தந்தார்கள். பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாய் கரையில் ஓடியதும் அத்தனையும் எழும்பின. சிறகின் உட்புறம் அவ்வளவு சிவப்பு என்று எனக்குத் தெரியாது.

பகல் தலைமன்னார்க் கடற்கரைக்குப் போய் கடற்காகங்களையும் ஆலாக்களையும் பார்த்தோம். நல்ல வெயில்.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்த நால்வரும் இரண்டு நாள் நின்றார்கள். சாப்பாட்டை அநுராதபுரத்திலிருந்தே பார்சல் கட்டி வந்திருந்தார்கள். காலையில் எதுவும் கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தங்கிய அறையை விட்டால், நமது டவுனில் அவர்கள் செலவழித்தது ஆறு போத்தல் தண்ணீருக்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்திற்கும். நவம்பர் முதல் மார்ச் வரை, விளம்பரம் இல்லாமல் தானாக வருகின்ற வாடிக்கையாளர் இவர்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு வியாபாரம் இல்லை என்று அழுகிறோம்.

மாலையில் மறுபடியும் தள்ளாடி. ஒரு பெண்மணி படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கமராவைத் தாழ்த்தினார். பூநாரைக்கு முன்னால் சேற்றில் ஒரு ஷொப்பிங் பேக், பச்சை எழுத்துடன். வாசித்தேன். எனது கடைப் பெயர். மருமகனும் வாசித்திருக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்தார்.

குப்பை அள்ளுவது பிரதேச சபையின் பொறுப்பு, பறவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு என்று நாமெல்லோரும் சொல்கிறோம். அந்தப் பேக்கில் இருந்தது அவர்கள் பெயரல்ல. 2025 நவம்பர் முதல் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது நமது சங்கத்தில் பலர் முணுமுணுத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அச்சடித்த மிச்சப் பேக்குகள் இன்னும் கடை மேல்மாடியில் கிடக்கின்றன.

இந்தப் பருவத்திற்கு முன், காலை 5 மணிக்கு ரொட்டியும் சம்பலும் போட ஒருவரைப் பேசியிருக்கிறேன். கடைக்குப் பின்னாலுள்ள மலசலகூடத்தையும் பயணிகளுக்குத் திருத்திக் கொடுக்கப்போகிறேன். ரொட்டிக்காரர் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. “பறவை பார்க்க வருகிறவன் என்ன சாப்பிடுவான், முதலாளி?” என்று கேட்கிறார்.