காயப்பட்ட நினைவுக்கும் மருத்துவம் உண்டு



சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நம் சபையின் இளம் சகோதரி ஒருவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, பின்பு அருகே வந்தார். "ஐயா, மனநல டாக்டர் என்னை ஒரு சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். விரலை இடமும் வலமும் அசைத்துக் காட்டுவார்களாம், நான் அதைக் கண்ணால் பின்தொடர வேண்டுமாம். அது வசிய வேலையாயிருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார்கள். போகலாமா?"

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் அவர் வந்த வேன் கவிழ்ந்தது. அவர் உயிர் தப்பினார். அருகில் அமர்ந்திருந்த அக்காள் மரித்துப்போனார். அடுத்த மாத ஸ்தோத்திரக் கூட்டத்தில் நான் அவரை மேடைக்கு அழைத்து, தேவன் காத்த விதத்தைச் சாட்சியாகச் சொல்லும்படி மைக்கைக் கையில் கொடுத்தேன். இரண்டு வாக்கியம் சொன்னார். பின்பு உடல் நடுங்கி, பேச்சு நின்றுபோயிற்று. சபையார் அதை ஆவியானவரின் அசைவு என்று எண்ணிக் கைதட்டினார்கள். நானும் அப்படியே எண்ணினேன். அதன்பின் அவருக்கு உறக்கம் போயிற்று. டீசல் வாடை பட்டாலே மூச்சு முட்டிற்று. என்னிடம் வந்து சொன்னபோது, உபவாசித்து ஜெபியுங்கள் என்று அனுப்பிவைத்தேன். உபவாசம் தவறல்ல. ஆனால் அவருக்கு நேர்ந்தது என்னவென்று கேட்கவே கேட்காமல் நான் சொன்ன ஆலோசனை அது.

அவர் கேட்ட சிகிச்சையின் பெயர் ஈ.எம்.டி.ஆர்.; கண் அசைவின் துணையோடு வேதனையான நினைவைச் செயலாக்கும் முறை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சீன் ஷாபிரோ 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனதை வருத்திய எண்ணங்களின் கூர்மை, தம் கண்கள் இங்குமங்கும் வேகமாக அசைந்தபோது குறைவதைக் கவனித்தார். அங்கிருந்து தொடங்கிய ஆய்வை 1989இல் வெளியிட்டார். 2013இல் உலக சுகாதார நிறுவனம், பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கான சிகிச்சைகளில் ஒன்றாக இதையும் பரிந்துரைத்தது. அந்நோய்க்கே மருத்துவ நூலில் தனிப் பெயர் கிடைத்தது 1980இல்தான். நம் பாட்டிமார் காலத்தில் "பயந்துபோயிருக்கிறாள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

இதில் எட்டுக் கட்டங்கள் உண்டு. முதல் நாளே விரலை ஆட்டத் தொடங்குவதில்லை. நோயாளியின் கதையைக் கேட்கிறார்கள். கலக்கம் மிஞ்சும்போது திரும்பிவந்து இளைப்பாற, மனதுக்குள் ஓர் அமைதியான இடத்தை நினைக்கப் பழக்குகிறார்கள். அதன்பின்தான் ஒரு குறிப்பிட்ட காட்சி. அக்காட்சியோடு ஒட்டிக்கொண்ட எண்ணம் எது, உடலில் எங்கே வலிக்கிறது, வேதனை பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று கேட்கிறார்கள். நம் சகோதரியின் எண்ணம் இது: "ஜன்னலோர இருக்கையை நான் கேட்டு வாங்கியதால் அக்காள் செத்தாள்." காட்சியை மனதில் வைத்தபடியே கண்கள் விரலைப் பின்தொடர வேண்டும், ஏறக்குறைய அரை நிமிடம். பின்பு நிறுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பார்கள். மறுபடியும் அதுபோலவே. சிலருக்குக் கண்ணசைவுக்குப் பதிலாகக் கைகளில் மாறிமாறித் தட்டுவதும் உண்டு.

இது வசியமல்ல. நோயாளி முழு விழிப்போடு இருக்கிறார்; கையை உயர்த்தினால் சிகிச்சை நின்றுவிடும். நினைவைத் தாங்கும் மனதின் கொள்ளளவு சிறியது, ஒரே வேளையில் விரலையும் கவனித்துக் காட்சியையும் பிடித்திருக்க முயலும்போது காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். வேறு சிலரோ, கண்ணசைவு முக்கியமல்ல, பாதுகாப்பான சூழலில் நினைவை எதிர்கொள்வதே குணமாக்குகிறது என்கிறார்கள். அவ்வாதம் தீரவில்லை. பலன் கண்ட மருந்தின் வேலை செய்யும் வழி பின்னால் தெரியவருவது மருத்துவத்தில் புதிதல்ல.

என்னை அதிகமாய்த் தொட்டது வேறொன்று. இம்முறையில், நடந்த யாவற்றையும் வாய்விட்டு விவரிக்கும்படி நோயாளியை வற்புறுத்துவதில்லை. நாமோ சபையில் அதையே கேட்கிறோம். காயம் ஆறுமுன் மைக்கைக் கொடுக்கிறோம்.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். கரிநெருப்பின் அருகே நின்றுதான் அவர் ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பின் அருகேதான். அதே புகை, அதே வாடை பேதுருவின் நாசியில் ஏறியிருக்கும். ஆனால் முதலில் அப்பமும் மீனும். சாப்பிட்ட பிறகே கேள்வி. பேதுருவுக்கு நடந்தது இந்தச் சிகிச்சைதான் என்று நான் சொல்லவில்லை. அப்படி வேதத்தை வளைப்பது எனக்குப் பிடிக்காது. பழைய இடத்துக்கு மறுபடி அழைத்துப்போகிறவர், முதலில் பசியாற்றுகிறார் என்பதை மட்டும் காண்கிறேன். எசேக்கியா ராஜாவுக்கோ, சுகம் தருவதாகத் தேவன் வாக்குக் கொடுத்த பின்னரும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். அந்த அடையை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதாக வேதத்தில் இல்லை.

ஓர் எச்சரிக்கை. காணொளியைப் பார்த்து வீட்டில் ஒருவருக்கொருவர் விரலை ஆட்டிப் பார்க்காதீர்கள். ஜெபக் குழுத் தலைவர்களுக்கும் இதைச் சொல்லுகிறேன். நினைவைத் திறக்கத் தெரிந்தவர் அதை மூடவும் தெரிந்தவராயிருக்க வேண்டும். முறையான பயிற்சி பெற்ற உளவியலாளரிடமே போக வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ அழைக்கலாம்; கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

சகோதரியிடம், "போங்கள் அம்மா, நானும் ஜெபிக்கிறேன்" என்றேன். மேடையில் நிறுத்தியதற்காக மன்னிப்பும் கேட்டேன். அவருடைய தாயாரை மூன்றாம் முறைக்கு நானே அழைத்துப்போய் வெளியறையில் உட்காரவைத்தேன். கதவு திறந்தபோது மகள் அழுது முகம் கழுவி வந்ததைப் பார்த்த பிறகு அவர் பயம் சற்றுத் தெளிந்தது.

ஒன்பதிலிருந்த வேதனை இப்போது மூன்று என்கிறார் சகோதரி. வேனில் இன்னும் ஏறவில்லை. அடுத்த மாத வாலிபர் முகாமுக்கு வேனில் வருவாரா, பஸ்ஸில் வருவாரா என்று யாரும் அவரிடம் கேட்க வேண்டாம். இந்த ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஒருவரையும் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். சொல்ல விரும்புகிறவர்கள் முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து சொல்லலாம், அல்லது ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போடலாம்.