கண்டதைக் கண்டவாறு எழுதுக

பயணம் செய்வோர் என்றும் இருந்தனர், இன்று பெருகியுள்ளனர். தோளில் ஒரு பையைச் சுமந்துகொண்டு, குறைந்த செலவில் ஆசிய நாடுகளைச் சுற்றிவரும் இளைஞருள் நம் தமிழ் மாணவரும் இந்நாளில் உளர். இது மகிழத்தக்க வளர்ச்சியே. வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவனுக்கு உலகமும் திண்ணையளவாகவே தோன்றும். ஆயினும், சென்று வந்தோர் ஊருக்குக் கொணர்ந்து தருவது யாது என்னும் வினாவை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது எனக் கருதுகிறோம்.

அயல்நாடு வரை போக வேண்டுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில் உள்ள தாண்டிக்குடியையே எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மலையேறியும், கொடைக்கானலிலிருந்து பண்ணைக்காடு வழியாகவும் அவ்வூரை அடையலாம். கொடைக்கானலின் நெரிசலை விரும்பாத பயணியர் பலர் இப்போது அங்குச் செல்கின்றனர். மூடுபனியின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், அழகைப் புகழ்ந்து இரண்டு சொல் எழுதுகின்றனர், மறுநாள் இறங்கிவிடுகின்றனர். அப்படங்களில் பயணியும் மலையும் இருக்கக் காண்கிறோம். மலையில் வாழ்வோரை அவற்றில் காண்பது அரிது.

அவ்வூர் சொல்லக் காத்திருக்கும் செய்திகளோ பல. அப்பகுதியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்னும் பாதிரியார் இருவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பிற்காலத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தபோது சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் அம்மலையில் பிறப்பதன்று. நெடுங்காலத்திற்கு முன்பே யாரோ ஒரு வழிப்போக்கர் அதனைத் தொலைவிலிருந்து சுமந்து வந்திருத்தல் வேண்டும். அவர் யார், எவ்வழி வந்தார், யாரிடம் விற்றார் என்பன எழுதப்படாமையால் நமக்கு மணி மட்டுமே எஞ்சியது.

இன்று அம்மலைச் சரிவுகளில் விளையும் காப்பியும் பயணத்தின் கொடையே. மக்கப் பயணம் சென்ற பாபா புதன் என்னும் பெரியார் யமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விதை முளைத்து மலைதோறும் பரவிற்று. அவர் நடந்த வழியின் கதையோ செவிவழிச் செய்தியாகவே நின்றுவிட்டது.

'படம் இருக்க எழுத்து எதற்கு?' என்று மாணவர் சிலர் வினவக்கூடும். மலைவாழைத் தோட்டத்தின் பசுமையைப் படம் காட்டும். பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர்பெற்ற அந்த வாழை முடிக்கொத்து நோயால் பேரளவு அழிந்ததையும், மீண்டும் நட்டு வளர்க்க உழவர் படும் பாட்டையும் படம் சொல்லாது. காப்பிப் பழத்தின் செம்மையை அது காட்டும். பறிப்போர் பெறும் கூலியையும், இரவில் தோட்டத்திற்குள் இறங்கும் காட்டெருமையைப் பற்றிய அச்சத்தையும் கேட்டறிந்து எழுதினாலன்றி யார் அறிவார்?

எவ்வாறு எழுதுவது என்பதற்கு நமக்கு முன்னோடிகள் உளர். 1325ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், தாஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா அவருள் தலையாயவர். ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றிய அவர் நம் மதுரைக்கும் வந்தார். அப்போது அங்கு ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்கு உறவினர். இருவர்தம் மனைவியரும் உடன்பிறந்தோர். இலங்கையிலிருந்து வருகையில் கப்பல் இடருற்றுக் கரையேறியவரை வரவேற்றுப் பேணியவரும் அச்சுல்தானே. எனினும், போரில் பிடிபட்டோரையும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் சுல்தான் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைத்தாரல்லர். அதனை வெறுத்து, கண்டித்தே பதிவு செய்தார். உறவும், உண்ட உப்பும், ஒரே சமயமும் அவரைத் தடுக்கவில்லை. அந்நாளைய மதுரை வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவர் குறிப்பை நாடுவதற்கு இந்நேர்மையும் ஒரு காரணம் எனலாம்.

நம் நூற்றாண்டுக்கு அண்மையில் வருவோமாயின், கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார் நினைவுக்கு வருகிறார். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர் அவர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக நாடு நாடாகச் சென்று படச்சுருள் திரட்டினார். அப்படம் 1940இல் வெளிவந்தது. படம் பிடிக்கும் கலையில் வல்லவரான அவரே எழுத்தைக் கைவிடாமல் பயண நூல்கள் பல எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருடைய எளிய நடையில் எழுதுபவர் பின்னே ஒதுங்கி நிற்பார். அவர் கண்ட மக்கள் முன்னே நிற்பர்.

விரும்பிச் செல்லாத பயணமும் உண்டு. இரங்கூனில் குண்டு விழுந்தபின் 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவ்வாறு நடந்தவருள் ஒருவரான வெ. சாமிநாத சர்மா 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்னும் நூலை எழுதினார். அவருடன் நடந்த பல்லாயிரவர் எழுதவில்லை. அவர்கள் கண்டவை அவர்களோடு மறைந்தன.

இவ்விழப்பு இன்றும் தொடர்கிறது என்பதே நம் கவலை. மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்தியவர், வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர், கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றவர் ஆகிய பெரியோர் நம் ஊர்களில் இன்னும் வாழ்கின்றனர். தாம் எழுத்தாளர் அல்லர் என்று அவர்கள் தயங்கலாம். இப்னு பதூதாவின் நூலும் அவர் கையால் எழுதியதன்று. அவர் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதி 1355இல் நிறைவு செய்தது அது. கடற்கொள்ளையரிடம் உடைமைகளோடு குறிப்புகளையும் இழந்த பயணி, சொல்வதற்கு ஓர் ஆளும் எழுதுவதற்கு ஓர் ஆளும் கூடியதால் இன்றும் வாழ்கிறார்.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. பெரியோர் சொல்ல வேண்டும்; மாணவர் அமர்ந்து எழுத வேண்டும். தமிழ்த்துறைகள் இதனை ஒப்படைப்புப் பணியாகவே ஏற்று, எழுதப்பட்டவற்றைத் தொகுத்துக் காக்கலாம். அடுத்து, விடுமுறையில் தோளிற் பையோடு புறப்படும் மாணவர் அதனுள் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளல் வேண்டும். தாண்டிக்குடிக்குச் சென்றாலும் தாய்லாந்துக்குச் சென்றாலும் அங்குள்ளோரிடம் ஒரு நாழிகை அமர்ந்து கேளுங்கள். நல்லதை நல்லதென்றும், நம்மவரே செய்திருப்பினும் தீயதைத் தீயதென்றும் எழுதுங்கள். நம்மை உபசரித்த ஊருக்கு நாம் செலுத்தும் நன்றி, அவ்வூரைப் பற்றி உண்மை உரைப்பதேயாகும்.