நிலம் யார் கையில் என்று கேட்காத சண்டை

2024 நவம்பர் 19-ம் தேதி லண்டனில் பார்லிமெண்டு இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டார்கள். டிராக்டர்கள் வந்தன. சிறு குழந்தைகள் பொம்மை டிராக்டர்களை ஓட்டி ஊர்வலம் வந்தார்கள். பதவிக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத தொழிற்கட்சி சர்க்கார், விவசாய நிலத்தின் மீது வாரிசு வரி போடப் போகிறது என்பதே அவர்களுடைய ஆத்திரத்துக்குக் காரணம்.

விவசாயி தெருவுக்கு வந்துவிட்டான் என்றால் உழைப்பவன் மனம் அவன் பக்கம் சாய்வது இயல்பு. சாய வேண்டியதும்தான். ஆனால் எந்த விவசாயி? எந்த வரி? யாருடைய நிலம்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுச் சாய்வது நல்லது.

வரியின் கதை

பிரிட்டனில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச் செல்லும் சொத்தில் பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவீதம் வரி உண்டு. விவசாய நிலத்துக்கோ 1992 முதல் முழு விலக்கு கிடைத்தது. நூறு ஏக்கர் உழுகிறவனுக்கும் விலக்கு. பத்தாயிரம் ஏக்கர் வைத்திருக்கும் பிரபுவுக்கும் அதே விலக்கு!

2024 அக்டோபர் 30-ம் தேதி பட்ஜெட்டில் நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் இதை மாற்றினார். 10 லட்சம் பவுண்டு வரை விலக்கு தொடரும். அதற்கு மேல் பாதிச் சலுகை, அதாவது 20 சதவீத வரி. வட்டியில்லாமல் பத்து ஆண்டுத் தவணையில் கட்டலாம். 2026 ஏப்ரலில் அமல். ஓராண்டுக்கு மேல் கூக்குரல் எழுந்தது. 2025 டிசம்பரில் சர்க்கார் பின்வாங்கி, விலக்கின் வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்தியது.

இந்த விலக்கினால் கொழுத்தது யார்? 2021-22-ம் ஆண்டுக்கான அரசாங்கக் கணக்கே சொல்கிறது: சலுகை பெற்ற சொத்துக்களில் மேல்தட்டு 7 சதவீதம், மொத்தச் சலுகையில் 40 சதவீதத்தை விழுங்கியது. கலப்பையைத் தொடாதவர்களும் நிலம் வாங்கினார்கள். தொலைக்காட்சிப் பிரமுகர் ஜெரிமி கிளார்க்சன், தாம் பண்ணை வாங்கியதில் வாரிசு வரியைத் தவிர்ப்பது முக்கியமான விஷயம் என்று 2021-ல் பகிரங்கமாகச் சொன்னவர். நவம்பர் 19 கூட்டத்தில் விவசாயிகளின் காவலராக மேடை ஏறியவரும் அவரே!

வரிக்கு ஒளிந்துகொள்ளப் பணம் நிலத்தைத் தேடி வந்தால் என்ன ஆகும்? நிலத்தின் விலை ஏறும். விளைச்சலை விற்று நிலம் வாங்க நினைக்கும் இளம் விவசாயிக்கு அது எட்டாக் கனியாகும். விவசாயியைக் காப்பதற்கென்று கொடுத்த விலக்கு, புதிய விவசாயியை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

தெருவில் நின்றவர்களின் நியாயம்

ஆனால் அன்று திரண்ட எல்லோரும் சீமான்கள் என்று சொன்னால் அது அநியாயம். காகிதத்தில் பல லட்சம் பவுண்டு நிலம். கையில் வருமானமோ சொற்பம் என்ற நிலையில் ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. பாலுக்கும் காய்கறிக்கும் விலை வைப்பவன் உழவன் அல்ல. சூப்பர் மார்க்கெட் கம்பெனிகள். 2021-ல் டோரி சர்க்கார் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் செய்து அந்நாட்டு இறைச்சிக்குக் கதவைத் திறந்தது. 2025 மார்ச்சில் தொழிற்கட்சி சர்க்கார், விவசாயிகளுக்கான முக்கிய மானியத் திட்டத்தில் புதிய மனுக்களைத் திடீரென்று நிறுத்தியது. புண்பட்ட இடத்தில்தான் வரி போய் விழுந்தது. அதோடு, உழுது வாழ்பவனையும் வரிக்குத் தப்ப நிலம் வாங்கியவனையும் ஒரே தராசில் நிறுத்தியது சர்க்காரின் குற்றம். சின்னவன் பயத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பெரியவன் தப்பிக்க அது வழி செய்தது.

மேடையில் பேசப்படாத இருவர்

இங்கிலாந்தின் விவசாய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குத்தகை நிலம். அட்லி தலைமையிலான தொழிற்கட்சி ஆட்சியில் வந்த 1948-ம் ஆண்டுச் சட்டம், குத்தகை விவசாயிக்கு ஆயுட்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. டோரி ஆட்சியின் 1995-ம் ஆண்டுச் சட்டம், புதிய குத்தகைகளுக்கு அதை இல்லாமல் செய்தது. சில ஆண்டுக் கெடு முடிந்தால் வெளியேறு என்று சொல்லலாம். இந்த விவசாயிக்கு வாரிசு வரியைப் பற்றிக் கவலைப்பட நிலமே இல்லை. வரியைக் காரணம் காட்டிச் சொந்தக்காரன் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வானோ என்பதே அவன் கவலை.

இன்னொருவன் பண்ணைத் தொழிலாளி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவனுடைய குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்து வந்த விவசாயக் கூலி வாரியத்தை 2013-ல் டோரி-லிபரல் டெமாக்ரட் கூட்டு சர்க்கார் கலைத்தது. நிலச் சொந்தக்காரர்களின் செல்வாக்குள்ள தேசிய விவசாயிகள் சங்கம் அதை ஆதரித்தது. அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களை எந்த டிராக்டரும் அடைக்கவில்லை!

வீடு எங்கே போயிற்று?

அடுத்த சண்டை வீட்டுக்காக. இங்கிலாந்தில் நகரசபை வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் 2024-ல் சுமார் 13 லட்சம். அதே ஆண்டில் 1,20,000-க்கும் அதிகமான குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் கிடந்தன. இதற்கு யார் காரணம்? "வெளிநாட்டான் வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டான்" என்பது தெருமுனைப் பதில்.

கணக்கைப் பார்ப்போம். 1953-ல், டோரி ஆட்சியிலேயே, பிரிட்டனில் நகரசபைகள் ஓராண்டில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் கட்டின. 1980-ல் தாட்சர் அம்மையாரின் சர்க்கார் அந்த வீடுகளைக் குறைந்த விலைக்கு விற்கச் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. வாங்கிய தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்றதற்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. விற்ற வீடுகள் பல பின்னர் தனியார் கைக்குப் போயின. வீடற்ற குடும்பங்களைத் தங்க வைக்க, தான் விற்ற வீட்டையே நகரசபை வாடகைக்கு எடுக்கும் வேடிக்கையும் நடந்தது.

1980களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்து குடியேறியவர்களைவிட, அங்கிருந்து வெளியேறியவர்களே அதிகம். வீடுகளை விற்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்!

புதிய வீடு கட்டவும் நிலம் வேண்டும். வயலாக இருக்கும்போது ஒரு விலை. வீடு கட்ட அனுமதி கிடைத்த மறுநாள் அதே மண்ணுக்குப் பல மடங்கு விலை. சொந்தக்காரர் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. ஆதாயம் மட்டும் அவருக்கு. 1947-ம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் இந்த ஆதாயத்தைப் பொதுமக்களுக்கே சேர்க்க முனைந்தது. 1953-ல் டோரிகள் அதை ஒழித்தார்கள்.

அகப்பட்டவன்

2023-ம் ஆண்டின் நடுப்பகுதியோடு முடிந்த ஓராண்டில், வெளியேறியவர்களைக் கழித்து, 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டனில் குடியேறினார்கள். குடியேற்றத்தைக் குறைப்போம் என்று ஓட்டு வாங்கிய டோரிகளின் ஆட்சியில்தான் இது நடந்தது. மக்கள் கூடினால் வீட்டுத் தேவையும் கூடும். இதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் அவர்களை அழைத்தது யார்? கிழவர்களைப் பராமரிக்கும் விடுதிகளில் குறைந்த கூலிக்கு ஆள் வேண்டுமென்றார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டுமென்றார்கள். 2024-ல் பண்ணை வேலைக்கு 45,000 பருவகால விசாக்கள் ஒதுக்கப்பட்டன. அப்படி வருபவன் பெரும்பாலும் பண்ணையிலேயே கேரவன் வண்டியில் தங்குகிறான். அதற்கும் வாடகை கொடுக்கிறான். ஆறு மாதத்தில் மூட்டை கட்டுகிறான். இவனா வீட்டைப் பிடித்துக்கொண்டான்?

2024 ஆகஸ்டில் ராதர்ஹாம் அருகே அகதிகள் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைக்க முயன்றார்கள். 2025 மே 12-ம் தேதி பிரதமர் ஸ்டார்மர், நாடு அந்நியர்களின் தீவாக மாறும் அபாயம் இருப்பதாகப் பேசினார். பிறகு அந்தச் சொல்லுக்காக வருந்தினார். அகதிகளைத் தங்க வைக்கும் ஒப்பந்தங்களின் பத்தாண்டுச் செலவு, முதலில் மதிப்பிட்ட 450 கோடி பவுண்டிலிருந்து 1,530 கோடியாக வீங்கிவிட்டதென்று தணிக்கை அலுவலகம் 2025-ல் காட்டியது. பணம் போனது அகதியின் கைக்கல்ல, தனியார் கம்பெனிகளுக்கு. வசை மட்டும் அகதிக்கு!

மூன்று சண்டை, ஒரே வேர்

உழுபவனுக்கு நிலம் எட்டவில்லை. குத்தகைக்காரனுக்கு நிச்சயமில்லை. தொழிலாளிக்கு வீடில்லை. பழம் பறிப்பவனுக்குத் தங்கும் உரிமையே இல்லை. இவர்கள் நால்வரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை, நிலத்தின் விலையில் கொழுப்பவர்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உழுது வாழும் குடும்பத்துக்கு விலக்கு இருக்கட்டும். வரிக்கு ஒளிய நிலம் வாங்கியவர் முழு வரியும் கட்டட்டும். குத்தகைக்காரனுக்குப் பழைய பாதுகாப்புத் திரும்பட்டும். அனுமதியால் ஏறும் நில விலை, நகரசபை வீடு கட்டப் பயன்படட்டும். பண்ணையில் வேலை செய்பவன் எந்த நாட்டானாக இருந்தாலும் ஒரே கூலி, ஒரே சட்டம் இருக்கட்டும். இவை புரட்சிக் கோரிக்கைகள்கூட அல்ல. பாதிக்கு மேல் பிரிட்டனே ஒரு காலத்தில் சட்டமாக வைத்திருந்து, பிறகு கை கழுவியவை!