மருந்து மலையடியில், பெயர் பிறன் கையில்!

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் புண்கட்டுத் துணி கடல் கடந்தும் செல்கின்றது. புண்ணைக் கட்டும் துணியை உலகுக்கு ஈயும் அந்நிலத்தின் மேற்கே, புண்ணாற்றும் மரங்களென முன்னோர் போற்றிய வேம்பும் புங்கும் மருதும் மலையடியில் வளர்ந்து நிற்கின்றன. ஆயினும் என்? திருவில்லிபுத்தூர்ச் சிறுவன் அங்காடியில் வேம்பை ‘நீம்’ என்றும், மருதை ‘அருச்சுனா’ என்றும் அச்சிட்ட புட்டிகளிலேயே காண்கின்றான். தன் வீட்டு வாயிலில் நிற்கும் மரமே அப்புட்டிக்குள் இருக்கின்றது என்பதை அவன் அறியான். பெயரை இழந்தவன் பொருளையும் இழப்பான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பெயரில் என்ன இருக்கின்றது என்பார், வேம்பின் வழக்கைக் கேட்கட்டும். வேப்பெண்ணெய் கொண்டு பயிர்ப் பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் கிரேசு நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. 1995-இல் வந்தனா சிவா முதலியோர் அதனை எதிர்த்தனர். 2000 மே மாதத்தில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 மார்ச்சில் வீழ்ந்தது. வென்றது எதனால்? “எம் பாட்டி அறிவாள்” என்னும் வாய்ப்பேச்சால் அன்று. அம்முறை இந்நாட்டில் முன்னரே வழக்கிலிருந்ததென எடுத்துக்காட்டிய சான்றுகளால்!

சீனரைப் பாருங்கள். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த தம் மொழி மருத்துவ நூலொன்று, மாசிப்பச்சை இனத்துச் செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னதைத் தூ யூயூ அம்மையார் ஊன்றிப் படித்தார். கடுஞ்சூடு மருந்தை அழிக்கும் என்று உய்த்துணர்ந்தார். முறைக்காய்ச்சலை (மலேரியாவை) வெல்லும் மருந்து பிறந்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. பழநூலும் ஆய்வகமும் ஒரே மொழியில் கைகோத்த வெற்றி அது.

தமிழனோ பழம்பெருமை பேசி உறங்குகின்றான். வேப்பெண்ணெயின் கசப்புப் பொருளை 1942-இல் பிரித்தெடுத்தவர் சலிமுசமான் சித்திக்கி. ‘நிம்பம்’ என்னும் வடசொல்வழி அதற்கு ‘நிம்பின்’ என்று பெயர் வந்தது. ஆய்ந்தவர் பெயரிட்டார், அதில் குற்றமில்லை. ஆயாதிருந்தவனே குற்றவாளி!

இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். ஆய்வகத் தட்டில் நுண்ணுயிரை அடக்கும் சாறெல்லாம் நோயாளி உடலிலும் அடக்கும் என்பதற்கில்லை. வேப்பெண்ணெயை உட்கொள்ளக் கொடுத்ததால் குழந்தைகள் நச்சுற்ற நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அளவறியாது புகழ்வது தமிழ்ப்பற்று அன்று. தமிழ் மருத்துவத்தை நகைப்புக்கு ஆளாக்கும் அறியாமை.

செண்பகத்தோப்பிலும் இராசபாளையத்து அய்யனார் கோயில் மலையடியிலும் வாழும் பளியர், பட்டையையும் வேரையும் பெயர் சொல்லிப் பிரித்தறிவர். அவ்வறிவு ஏட்டில் இல்லை, நாவில் உள்ளது. முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு சுவடி எரிகின்றது. உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்வழி வந்த ஏற்பாடு. அப்பதிவேடு ஆங்கிலத்தில் நிரப்பிப் பூட்டிவைக்கும் தாளாக இருந்தால் யாருக்குப் பயன்? பளியர் சொன்ன சொல்லிலேயே, அவர் இசைவுடன், அவர்க்குரிய பங்கும் உறுதியாக, தமிழில் எழுதப்படல் வேண்டும். பள்ளிதோறும் மரங்களின் தமிழ்ப்பெயர் தொங்க வேண்டும். கல்லூரி வேதியியல் தமிழில் பேச வேண்டும்.

தமிழ் மக்களே! மரம் இன்னும் நிற்கின்றது. பெயர் சொல்வாரும் இன்னும் சிலர் உளர். அவர் வாய் மூடுமுன் ஏட்டைத் திறவுங்கள்! ஆய்வகத்தையும் திறவுங்கள்!